சமையலைப் படம் எடுங்கள்... பதம் தெரியும்படி!

வீட்டிற்குக் கம்ப்யூட்டர் வந்தவுடன், போனில் இருக்கும் படங்களை எல்லாம் அதில் ஏற்றிப் பெரிய திரையில் பார்க்கும் ஆசை எல்லோருக்கும் வரும். அப்படிப் பார்க்கும்போது ஒன்றைக் கவனித்திருப்பீர்கள். குழந்தைகளின் படங்களுக்கும் கோயில், திருமணப் படங்களுக்கும் நடுவே சாப்பாட்டுப் படங்கள் நிறையவே இருக்கும். தட்டில் நான்கு இட்லி, வாழை இலையில் பொங்கல் விருந்து, தீபாவளி முறுக்கு. எடுத்தோம், உறவினர்களின் வாட்ஸ்அப் குழுவில் போட்டோம், நான்கு பேர் "சூப்பர்" என்றார்கள். அத்துடன் அந்தப் படத்தின் வேலை முடிந்துவிடுகிறது.

இந்தப் படங்களை இன்னும் நல்ல வேலைக்குப் பயன்படுத்த முடியும். வெளியூரில் இருக்கும் மகனோ மகளோ படத்தைப் பார்த்தே அம்மாவின் சமையலைச் செய்துவிடலாம். அதற்கு விலை உயர்ந்த கேமரா தேவையில்லை. கையில் இருக்கும் போனும் வீட்டில் இருக்கும் கம்ப்யூட்டரும் போதும். எதைப் படம் எடுப்பது, எப்படி எடுப்பது, கம்ப்யூட்டரில் எப்படிச் சேமிப்பது, இணையத்தில் அனுப்பும் முன் எவற்றை நீக்குவது என்று இக்கட்டுரையில் வரிசையாகப் பார்க்கலாம்.

எழுத்தில் வராத அளவு

நான் சென்னையில் மென்பொருள் பொறியாளராகப் பணிபுரிகிறேன். சொந்த ஊர் திருநெல்வேலி. அக்கா திருமணமாகிப் புனேயில் இருக்கிறார். எங்கள் இருவருக்கும் அம்மா போனில்தான் சமையல் சொல்லித் தருவார். "வெங்காயம் பொன்னிறமா வரணும்", "எண்ணெய் பிரிஞ்சு வந்ததும் இறக்கிரு", "மாவு தோசை மாவை விடக் கொஞ்சம் கெட்டியா இருக்கட்டும்" என்பார். கேட்கும்போது புரிந்தது போலத்தான் இருக்கும். அடுப்பின் முன் நின்றவுடன் சந்தேகம் வரும். எந்தப் பொன்னிறம்? எவ்வளவு கெட்டி?

அம்மாவிடம் திருப்பிக் கேட்டால், "கண் பார்த்தா கை செய்யும். அதைப் போன்ல எப்படிச் சொல்ல?" என்பார். அவர் சொல்வது சரிதான். அரிசி எத்தனை ஆழாக்கு, மிளகாய் எத்தனை என்பதை எழுதிவிடலாம். பதத்தை எழுதுவது கடினம். ஆனால் நம் சமையலில் பெரும்பாலும் ருசியைத் தீர்மானிப்பது இந்தப் பதம்தான்.

அதிரசத்தை எடுத்துக்கொள்ளுங்கள். பச்சரிசி மாவு, வெல்லம், ஏலக்காய், சுக்கு, நெய், பொரிக்க எண்ணெய். பொருட்கள் இவ்வளவுதான். ஆனால் பாகு இளகலாக இருந்தால் அதிரசம் எண்ணெயில் பிரிந்து போகும். முற்றிவிட்டால் கடிக்க முடியாமல் கல் போல ஆகிவிடும். இரண்டிற்கும் நடுவில் கிடைக்கும் நேரம் மிகக் கொஞ்சம்.

எங்கள் ஆச்சி அதிரசம் செய்வதில் கெட்டிக்காரர். 2021-ல் காலமானார். அவர் செய்த அதிரசத்தின் படம் ஒன்று என் கம்ப்யூட்டரில் இருக்கிறது. 2009 தீபாவளிக்கு மாமா தன் டிஜிட்டல் கேமராவில் எடுத்தது. எவர்சில்வர் தாம்பாளத்தில் அதிரசங்கள் அடுக்கி வைக்கப்பட்டிருக்கும். அழகான படம். ஆனால் அதைப் பார்த்து அதிரசம் செய்ய முடியாது. ஆச்சி பாகை எப்போது இறக்கினார் என்பது அந்தப் படத்தில் இல்லை. பாகு காய்ச்சும்போது அடுப்புப் பக்கம் அவர் யாரையும் விட்டதும் இல்லை. அதனால் அம்மா பல முறை செய்து பார்த்துத்தான் அந்த ருசிக்கு ஏறக்குறைய வந்து சேர்ந்தார். அம்மா இப்படிக் கஷ்டப்பட்டுக் கண்டுபிடித்தது மறுபடி காணாமல் போகக் கூடாது என்றுதான் நாங்கள் சமையலைப் படம் எடுக்க ஆரம்பித்தோம்.

ஆகவே முதல் விதி இதுதான்: தட்டைப் படம் எடுப்பதற்கு முன், பதத்தைப் படம் எடுங்கள்.

எந்தெந்தக் கட்டத்தில் எடுப்பது?

ஒரு பதார்த்தத்திற்கு ஆறு முதல் எட்டுப் படங்கள் போதும். சமைப்பவரிடம் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: "எந்த இடத்தில் தவறினால் எல்லாம் கெட்டுவிடும்?" அவர் சொல்லும் இடங்கள்தான் படம் எடுக்க வேண்டிய இடங்கள். அதிரசத்திற்கு நாங்கள் எடுத்த படங்களின் வரிசை இதோ:

1. ஊறிய பச்சரிசியை நிழலில் துணியில் உலர்த்தி, அரைக்கப் போகும் நேரம்.
2. அரைத்துச் சலித்த மாவு, ஒரு பிடி கையில்.
3. கொதிக்கும் பாகின் நுரை.
4. தண்ணீரில் விட்ட ஒரு சொட்டுப் பாகு, விரலால் திரட்டி உருட்டிய நிலையில்.
5. பாகில் மாவைக் கலந்த உடனே, கரண்டியிலிருந்து அது விழும் விதம்.
6. அதே மாவு, மறுநாள் இறுகிய பின்.
7. எண்ணெயில் திருப்பிப் போடும்போது இருக்கும் நிறம்.
8. எண்ணெயை அழுத்தி எடுத்த பின் தாம்பாளத்தில்.

நாம் வழக்கமாக எடுப்பது எட்டாவது படம் மட்டும்தான். புனேயில் இருக்கும் அக்காவுக்கு மிகவும் பயன்பட்டது நான்காவது படம்.

இரண்டாவது படத்தையும் கவனியுங்கள். மாவில் எவ்வளவு ஈரம் இருக்கிறது என்பது கேமராவுக்குத் தெரியாது. ஆனால் ஒரு பிடி மாவை உள்ளங்கையில் இறுக்கிப் பிடித்து, விரல்களைத் திறந்து படம் எடுத்தால், கொழுக்கட்டை போல நிற்கிறதா, உதிர்கிறதா என்று தெரிந்துவிடும். கண்ணுக்குத் தெரியாத பதத்தை இப்படிக் கையால் காட்டி எடுக்க வேண்டும். இட்லி மாவு பொங்குவதற்கும் இதே வழிதான். பாத்திரத்தில் மாவு இருந்த மட்டத்தை இரவில் ஒரு படம், காலையில் அதே இடத்திலிருந்து இன்னொரு படம் எடுத்தால் போதும்.

அளவுகளையும் படத்திலேயே சேர்த்துவிடலாம். வீட்டில் எலெக்ட்ரானிக் தராசு இருந்தால், எடை காட்டும் எண்களும் படத்தில் விழும்படி எடுங்கள். தராசு இல்லையென்றால் எல்லாப் படங்களிலும் ஒரே டம்ளரையோ கரண்டியையோ பக்கத்தில் வையுங்கள். "ஒரு டம்ளர்" என்பது எந்த டம்ளர் என்ற குழப்பம் வராது. அடுப்பின் தீ எவ்வளவு என்பதற்கும் ஒரு படம் எடுத்துவிடுங்கள். "மிதமான தீ" என்பது வீட்டுக்கு வீடு மாறும்.

கரண்டியிலிருந்து மாவு விழுவது, பாகு கம்பியாக நீள்வது போன்றவற்றுக்குப் படத்தை விட வீடியோ நல்லது. பத்து விநாடி போதும். கடுகு வெடிக்கும் சத்தமும் அதில் கிடைத்துவிடும். நிறத்திற்குப் படம், ஓட்டத்திற்கு வீடியோ என்று நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

ஒரு எச்சரிக்கை. கொதிக்கும் எண்ணெய்க்கு நேர் மேலே போனை நீட்டாதீர்கள். சமைப்பவரே படமும் எடுப்பதைத் தவிர்த்து, இன்னொருவர் பக்கவாட்டில் ஓரடி தள்ளி நின்று எடுப்பது பாதுகாப்பானது. தனியாகச் சமைப்பவர்கள் ஏதாவது கனமான டப்பாவில் போனைச் சாய்த்து வைத்து, கேமராவில் உள்ள டைமரைப் பயன்படுத்தலாம்.

வெளிச்சம்தான் பாதி வேலை

பொன்னிறம் என்பது நிறம் சம்பந்தப்பட்ட விஷயம். படத்தில் நிறம் மாறினால் பதமும் மாறிவிடும். நிறத்தை மாற்றுவது பெரும்பாலும் வெளிச்சம்தான்.

எல்லா வெளிச்சமும் வெள்ளை அல்ல. வெளிச்சத்தின் நிறத்தைக் கெல்வின் என்ற அலகால் அளக்கிறார்கள். பழைய குண்டு பல்பின் மஞ்சள் வெளிச்சம் சுமார் 2,700 கெல்வின். நடுப்பகல் வெளிச்சம் சுமார் 5,500 கெல்வின். கடைகளில் "கூல் டேலைட்" என்று விற்கும் எல்.இ.டி. விளக்குகள் 6,500 கெல்வின். சற்று நீலம் கலந்தவை. நம் கண்ணும் மூளையும் இந்த வித்தியாசத்தைத் தாமாகவே சரி செய்துகொள்கின்றன. கேமராவும் அதே வேலையைச் செய்ய முயல்கிறது. இதற்கு "ஒயிட் பேலன்ஸ்" என்று பெயர். ஆனால் ஜன்னல் வழியே பகல் வெளிச்சம், மேலே எல்.இ.டி., பக்கத்து அறையில் மஞ்சள் பல்பு என்று மூன்றும் கலந்தால் கேமரா தடுமாறிவிடும்.

இதற்கு எளிய தீர்வுகள் உள்ளன.

முடிந்தவரை பகலில், ஜன்னல் வெளிச்சத்தில் எடுங்கள். அப்போது மற்ற விளக்குகளை அணைத்துவிடுங்கள். வெளிச்சம் பக்கவாட்டிலிருந்து விழுந்தால் மாவின் சொரசொரப்பு, குழம்பின் மேல் மிதக்கும் எண்ணெய் எல்லாம் தெளிவாகத் தெரியும்.

பிளாஷ் வேண்டாம். எண்ணெயும் எவர்சில்வரும் பளிச்சென்று மின்னி, பார்க்க வேண்டிய இடம் வெள்ளையாகிவிடும்.

படத்தின் ஓரத்தில் ஒரு துண்டு வெள்ளைத் தாளை வையுங்கள். பார்ப்பவருக்கு அந்தத் தாள் மஞ்சளாகத் தெரிந்தால், குழம்பும் அதே அளவு மஞ்சளாகத் தெரிகிறது என்று புரிந்துகொள்ளலாம். பின்னர் கம்ப்யூட்டரில் நிறத்தைச் சரி செய்யவும் இந்தத் தாள் உதவும்.

லென்ஸைத் துடையுங்கள். சமையலறையில் ஐந்து நிமிடம் இருந்தாலே ஆவியும் எண்ணெய்ப் பிசுக்கும் படிந்துவிடும். மெல்லிய பருத்தித் துணி போதும்.

அடுத்தது, படத்தின் வெளிச்ச அளவு. எந்தக் காட்சியையும் நடுத்தர வெளிச்சத்திற்குக் கொண்டுவரவே கேமரா முயலும். அதனால் தட்டு நிறைய வெள்ளைச் சோறு இருந்தால் படம் சாம்பல் பூத்தது போல வரும். கறுத்த வத்தக்குழம்பை நெருக்கமாக எடுத்தால் வெளிறிப் பழுப்பாக வரும். இதைத் தவிர்க்க, போன் திரையில் உணவின் மேல் விரலால் தொடுங்கள். பெரும்பாலான போன்களில் பக்கத்தில் ஒரு சூரியன் அடையாளமோ சிறிய கோடோ தோன்றும். அதை மேலும் கீழும் நகர்த்தி, கண்ணால் பார்ப்பது போலவே திரையிலும் தெரியும்படி வைத்து எடுங்கள்.

பல போன்களில் "உணவு" என்று ஒரு தனி மோட் இருக்கும். சில போன்கள் தட்டைப் பார்த்தவுடன் தாமாகவே அதற்கு மாறிவிடும். நிறங்களைத் தூக்கலாக்கி, ஓரங்களை மங்கலாக்கிக் காட்டும். ஓட்டல் விளம்பரத்திற்கு இது சரி. பதம் காட்டுவதற்குச் சரிப்படாது. ஒரு முறை அம்மாவின் புளிக்குழம்பு இப்படி வழக்கத்தை விடச் சிவப்பாகப் படத்தில் வந்துவிட்டது. அதைப் பார்த்து அக்கா மிளகாய்த்தூளைக் கூட்டிப் போட, அன்று அவர்கள் வீட்டில் எல்லோரும் தயிர் சாதம்தான் சாப்பிட்டார்கள். கேமரா செட்டிங்ஸில் இதை நிறுத்திவைத்துவிடுங்கள்.

கம்ப்யூட்டருக்கு மாற்றுதல்

படங்கள் போனிலேயே இருந்தால் ஆயிரம் படங்களுக்கு நடுவில் அவை காணாமல் போகும். எனவே அன்றே கம்ப்யூட்டருக்கு மாற்றிவிடுங்கள்.

போனுடன் வந்த யு.எஸ்.பி. கேபிளால் போனைக் கம்ப்யூட்டருடன் இணையுங்கள். ஆண்ட்ராய்டு போனாக இருந்தால், திரையின் மேலிருந்து கீழாக இழுத்தால் தோன்றும் அறிவிப்பில் "பைல் டிரான்ஸ்பர்" என்பதைத் தேர்ந்தெடுக்க வேண்டும். ஐபோனாக இருந்தால் "டிரஸ்ட்" என்பதைத் தொட வேண்டும். எதுவும் தோன்றவில்லையா? சில கேபிள்கள் சார்ஜ் செய்ய மட்டுமே பயன்படும். வேறு கேபிளை மாற்றிப் பாருங்கள்.

பின்னர் "திஸ் பிசி" திறந்தால் உங்கள் போனின் பெயர் தெரியும். அதனுள் "டிசிஐஎம்" என்ற போல்டரில் படங்கள் இருக்கும். தேவையானவற்றைத் தேர்ந்தெடுத்து காப்பி செய்யுங்கள். கட் செய்ய வேண்டாம். பாதியில் கேபிள் கழன்றால் சிக்கலாகிவிடும். கம்ப்யூட்டரில் எல்லாம் சரியாகத் திறக்கின்றனவா என்று பார்த்த பிறகு போனிலிருந்து நீக்கலாம்.

ஐபோன் படங்கள் கம்ப்யூட்டரில் திறக்கவில்லை என்றால் அச்சப்பட வேண்டாம். 2017 முதல் ஐபோன்கள் எச்.இ.ஐ.சி. என்ற வகையில் படங்களைச் சேமிக்கின்றன. ஐபோன் செட்டிங்ஸில் "கேமரா", "பார்மட்ஸ்" சென்று "மோஸ்ட் கம்பேட்டிபிள்" என்பதைத் தேர்ந்தெடுத்தால், அதன்பின் எடுக்கும் படங்கள் எல்லா இடத்திலும் திறக்கும் ஜேபெக் வகையில் கிடைக்கும்.

பைலுக்குப் பெயர் வைப்பது மிக முக்கியம். கேமரா வைக்கும் எண்களால் பின்னால் எதையும் தேட முடியாது. நாங்கள் "சமையல்" என்று ஒரு போல்டர், அதனுள் ஒவ்வொரு பதார்த்தத்திற்கும் ஒரு போல்டர் வைத்திருக்கிறோம். பைல் பெயர் "அதிரசம்-04-பாகு தண்ணீரில்" என்பது போல இருக்கும். 1, 2 என்று எழுதாமல் 01, 02 என்று எழுதினால் பத்தைத் தாண்டினாலும் எந்தப் புரோகிராமிலும் வரிசை கலையாது. பெயரைத் தமிழிலேயே எழுதலாம். விண்டோஸ் யூனிகோட் தமிழை ஏற்றுக்கொள்ளும். தமிழில் தேடினாலும் கிடைக்கும்.

அதே போல்டரில் ஒரு நோட்பேட் பைலும் இருக்கட்டும். படத்தில் வராதவற்றை அதில் எழுதுங்கள். பச்சை வாசனை எப்போது போகும், எத்தனை மணி நேரம் ஊற வேண்டும், புது அரிசிக்கு என்ன மாற்றம் என்பவை எல்லாம் அதில்தான் வரும்.

பைல் ஏன் இவ்வளவு பெரியது?

கேமரா போன்களின் ஆரம்ப காலத்தில், 2000-ஆம் ஆண்டு ஜப்பானில் ஷார்ப் நிறுவனத்தின் போன் ஒன்று கேமராவுடன் விற்பனைக்கு வந்தது. அதன் படத்தில் இருந்த புள்ளிகள் சுமார் 1,10,000. இன்று சாதாரணமாகக் கிடைக்கும் 12 மெகாபிக்சல் படத்தில் அகலத்தில் 4,000, உயரத்தில் 3,000 என மொத்தம் 1 கோடியே 20 லட்சம் புள்ளிகள் உள்ளன. ஒவ்வொரு புள்ளிக்கும் சிவப்பு, பச்சை, நீலம் என 3 பைட் வைத்தால் 3 கோடியே 60 லட்சம் பைட், அதாவது சுமார் 36 எம்.பி. ஆகும். இதைத்தான் ஜேபெக் முறை சுருக்கி 3 முதல் 5 எம்.பி. அளவுக்குக் கொண்டுவருகிறது. 1992-ல் வந்த இந்த முறை, கண் எளிதில் கவனிக்காத நுணுக்கங்களை விட்டுவிட்டுப் படத்தைச் சேமிக்கிறது.

ஆனால் மிக அதிகமாகச் சுருக்கினால் பாகின் நுரையும் மாவின் சொரசொரப்பும்தான் முதலில் கரைந்து போகும். அதாவது நமக்கு வேண்டிய பதம். எனவே மூலப் படத்தை மாற்றாமல் கம்ப்யூட்டரில் வைத்துக்கொண்டு, அனுப்புவதற்கு மட்டும் ஒரு சிறிய பிரதியை உருவாக்குங்கள்.

விண்டோஸுடன் வரும் பெயிண்ட் புரோகிராமே இதற்குப் போதும். மூலப் படத்தை முதலில் காப்பி எடுத்து, அந்தப் பிரதியைப் பெயிண்டில் திறந்து கண்ட்ரோல், டபிள்யூ கீகளை அழுத்துங்கள். வரும் பெட்டியில் "பிக்சல்ஸ்" தேர்ந்தெடுத்து, கிடைமட்ட அளவில் 1600 என்று கொடுங்கள். உயரம் தானாகவே 1200 ஆகிவிடும். புள்ளிகள் ஆறில் ஒரு பங்காகக் குறைந்துவிடும். போன் திரையில் பார்க்க இது தாராளம்.

படத்திற்குள் ஒளிந்திருக்கும் தகவல்

இனி மிக முக்கியமான விஷயம். நீங்கள் எடுக்கும் ஒவ்வொரு படத்தின் பைலுக்குள்ளும் கண்ணுக்குத் தெரியாத ஒரு குறிப்பும் சேர்ந்திருக்கும். இதற்கு எக்ஸிப் என்று பெயர். எந்தக் கேமரா, எந்தத் தேதி, எந்த நேரம் போன்ற விவரங்கள் அதில் இருக்கும். போனில் லொகேஷன் வசதி இயங்கிக்கொண்டிருந்தால் எடுத்த இடத்தின் அட்சரேகை, தீர்க்கரேகையும் பதிவாகும். உங்கள் வீட்டு அடுப்படியில் எடுத்த படம் என்றால், அந்த எண்கள் காட்டுவது உங்கள் வீட்டை. அவற்றை மேப்பில் கொடுத்தால் உங்கள் தெருவே தெரிந்துவிடும்.

உங்கள் படத்திலும் இருக்கிறதா என்று பார்க்கலாம். பைலின் மேல் ரைட் கிளிக் செய்து "பிராப்பர்ட்டீஸ்" தேர்ந்தெடுங்கள். "டீடெயில்ஸ்" பகுதியில் கீழே இறங்கினால் "ஜிபிஎஸ்" என்ற தலைப்பு இருக்கிறதா என்று பாருங்கள்.

இந்தக் குறிப்பு முழுக்கக் கெட்டது என்று நினைத்துவிட வேண்டாம். ஆச்சியின் அதிரசப் படத்தை இப்படித் திறந்து பார்த்தபோதுதான், அது 2009 அக்டோபர் 16, அதிகாலை 4.52-க்கு எடுக்கப்பட்டது என்று தெரிந்தது. தீபாவளிக்கு முதல் நாள், ஊர் விழிக்கும் முன்பே அவர் அடுப்பு வேலையை முடித்திருக்கிறார். எங்களில் யாருக்கும் நினைவில்லாத அந்த விவரம் பைலில் இருந்தது. எனவே வீட்டில் வைக்கும் மூலப் படத்தில் எக்ஸிப் அப்படியே இருக்கட்டும். கேமராவின் தேதியும் நேரமும் சரியாக உள்ளனவா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். வெளியே அனுப்பும் பிரதியில் அதை நீக்கிவிடுங்கள்.

நீக்குவது எளிது. அதே "டீடெயில்ஸ்" பகுதியின் அடியில் "ரிமூவ் பிராப்பர்ட்டீஸ் அண்ட் பெர்சனல் இன்பர்மேஷன்" என்று இருக்கும். அதில் கிளிக் செய்து, எல்லாத் தகவல்களும் நீக்கப்பட்ட ஒரு பிரதியை உருவாக்கும்படி முதல் விருப்பத்தைத் தேர்ந்தெடுங்கள். அதே போல்டரில் புதிய பைல் ஒன்று தோன்றும். அனுப்ப வேண்டியது அதைத்தான். இடம் பதிவாகவே வேண்டாம் என்று நினைப்பவர்கள் போனின் கேமரா செட்டிங்ஸில் லொகேஷன் பதிவை நிறுத்திவிடலாம்.

அனுப்பும் முன் ஒரு நிமிடம்

எக்ஸிப்பை நீக்கினாலும் படத்தில் கண்ணுக்குத் தெரிபவை இருக்கின்றனவே! அனுப்பும் முன் கம்ப்யூட்டரின் பெரிய திரையில் படத்தின் ஓரங்களைப் பாருங்கள். கேஸ் பில்லில் உள்ள எண், பிரிட்ஜில் ஒட்டிய மருத்துவர் சீட்டு, பள்ளிச் சீருடையுடன் நிற்கும் குழந்தை, எவர்சில்வர் குடத்தில் தெரியும் உங்கள் முகம் எல்லாம் படத்தில் இருக்கக்கூடும். நம் வீட்டுப் பாத்திரங்களில் பெயரும் ஊரும் பொறித்திருப்பதையும் மறக்க வேண்டாம். உறவினர்களுக்கு அனுப்பும்போது அந்தப் பெயர் இருப்பது அழகு. முன்பின் தெரியாதவர்களும் பார்க்கும் இடத்தில் போடுவதென்றால், வேண்டாத பகுதியை "கிராப்" செய்து வெட்டிவிடுங்கள்.

எந்த வழியில் அனுப்புகிறீர்கள் என்பதைப் பொறுத்தும் வித்தியாசம் உண்டு.

வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பினால் அது படத்தைச் சுருக்கிவிடும், இடக்குறிப்பும் போய்விடும். 2023-ல் வந்த "எச்டி" வசதியைத் தேர்ந்தெடுத்தால் சுருக்கம் குறையும். பதம் காட்டும் படங்களுக்கு இதையே பயன்படுத்துங்கள். "டாகுமெண்ட்" என்ற வழியில் அனுப்பினால் பைல் மாறாமல் போய்ச் சேரும். ஆனால் இடக்குறிப்பும் உடன் போகும்.

மின்னஞ்சலில் இணைத்து அனுப்பினாலும் பைல் அப்படியே, எல்லாக் குறிப்புகளுடனும் போகும்.

கூகுள் போட்டோஸ் போன்ற சேவையில் ஒரு ஆல்பம் உருவாக்கி, அதன் இணைப்பை அனுப்பலாம். படங்கள் வரிசையாக ஒரே இடத்தில் இருப்பது வசதி. ஆனால் அந்த இணைப்பு யார் கைக்குப் போனாலும் அவர் ஆல்பத்தைப் பார்க்கலாம் என்பதை மறக்காதீர்கள். இச்சேவையில் அளவில்லாத இலவச இடம் 2021 ஜூன் 1 முதல் நிறுத்தப்பட்டுவிட்டது. இப்போது ஜிமெயில், டிரைவ் எல்லாவற்றுக்கும் சேர்த்து 15 ஜி.பி. இலவசம். 4 எம்.பி. படம் என்றால் சுமார் 3,750 படங்கள். மின்னஞ்சல்கள் பிடிக்கும் இடம் இதில் குறையும்.

இணையத்தில் இருப்பதால் பத்திரமாக இருக்கிறது என்று நினைத்துவிடக் கூடாது. சேவைகள் நிறுத்தப்படலாம். படங்களைச் சேமிக்க ஒரு காலத்தில் பலரும் பயன்படுத்திய பிகாசாவை 2016-ல் கூகுள் நிறுத்திவிட்டது. எனவே மூன்று பிரதிகள் வைத்துக்கொள்ளுங்கள். ஒன்று கம்ப்யூட்டரில், இன்னொன்று தனி ஹார்ட் டிஸ்க்கில், மூன்றாவது வேறு ஊரில் இருக்கும் உறவினரிடமோ இணையத்திலோ. எங்கள் வீட்டு மூன்றாவது பிரதி புனேயில் இருக்கிறது.

சரியாக எடுத்தோமா என்று தெரிந்துகொள்வது எப்படி?

மென்பொருள் எழுதுபவர் அதைத் தானே சோதித்தால் போதாது; அதை எழுதாத இன்னொருவர் பயன்படுத்திப் பார்க்க வேண்டும் என்பது எங்கள் தொழிலின் வழக்கம். சமையல் படங்களுக்கும் இதுவே சரியான சோதனை. படங்களையும் குறிப்பையும் வெளியூரில் இருப்பவருக்கு அனுப்பி, போனில் எதுவும் கேட்காமல் செய்து பார்க்கச் சொல்லுங்கள். ஒவ்வொரு கட்டத்திலும் அவரும் ஒரு படம் எடுத்துத் திருப்பி அனுப்பட்டும். இரண்டு படங்களையும் கம்ப்யூட்டரில் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், எங்கே வித்தியாசம் என்று சமையல் தெரிந்தவர் சட்டென்று சொல்லிவிடுவார். அவர் தடுமாறிய இடம்தான் நீங்கள் எடுக்க வேண்டிய அடுத்த படம். எங்கள் அதிரச வரிசையில் முதலில் ஐந்து படங்கள்தான் இருந்தன. அக்கா கேட்ட கேள்விகளால்தான் அது எட்டு ஆனது.

வரும் ஞாயிற்றுக்கிழமையே ஆரம்பிக்கலாம். வீட்டில் மூத்தவரிடம், அவர் கைப்பக்குவத்தில் மட்டுமே வரும் பதார்த்தம் எது என்று கேளுங்கள். சாம்பாரும் ரசமும் காத்திருக்கட்டும். முதலில் அதைப் படம் எடுத்துவிடுங்கள்.